வெள்ளவத்தையில் ஒருவரும் மூழ்கவில்லை

அலைச்சறுக்கல் கற்பதற்கு உகந்த கடற்கரையைத் தெரிவுசெய்யும் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் நீந்தத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் இது 'பக்கச்சார்பின்மை' என்ற தலைப்பின் கீழ் பதிவாகியிருக்கிறது. கடலில் இறங்கிப் பழகியவர்களுக்கு ஏதாவதொரு கடற்கரைமேல் ஆசை இருக்கும், அப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று தலைவர் முதல் கூட்டத்திலேயே விளக்கினார். நான் அதை மூன்று மொழிகளிலும் எழுதினேன். என் பெயர் பேர்னாட். குழுவுக்குக் குறிப்பு எழுதுபவன், மொழிபெயர்ப்பவன், தேநீருக்குச் சொல்லி அனுப்புபவன் எல்லாம் நான்தான்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவியப்போகிறார்கள் என்று எல்லாரும் நம்பினோம். குளிர் தேசத்தில் பிறந்தவர்கள் வெப்பமான கடலொன்றில், பலகைமேல் ஏறி அலையோடு நிற்கப் பழக விரும்புவார்கள், அவர்களுக்கு ஒரு நல்ல கடற்கரையைக் காட்டவேண்டியது நாட்டின் கடமை என்று மேலே யாரோ நினைத்திருக்கிறார்கள். நினைத்ததும் குழு பிறந்துவிட்டது. தலைவராக வந்தவர் திரு. லியனாராச்சி. அதற்கு முன் தென்னந்தும்பு மேம்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். தும்பும் தேங்காயும் மிதக்கும், அலைச்சறுக்கலும் மிதப்பது சம்பந்தப்பட்டதே, ஆகவே தனக்கு இந்தத் துறை புதிதல்ல என்று அவர் தன் ஏற்புரையில் சொன்னார். கை தட்டினார்கள்.

அறுகம் குடாவிலும் வெலிகமையிலும் வெள்ளைக்காரர்கள் பல வருடங்களாகப் பலகையோடு இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஓர் உறுப்பினர் இதை மெதுவாக ஞாபகப்படுத்தினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கே ஏற்கெனவே கற்கிறார்கள் என்றால் அந்த இடங்கள் தெரிவாகிவிட்டன என்று அர்த்தம். தெரிவானதை நாம் மறுபடி தெரிவுசெய்தால் கணக்காய்வில் கேள்வி வரும். அதோடு, அலை இருப்பது பல தகுதிகளில் ஒன்று மட்டுமே."

மற்றத் தகுதிகளில் முதலாவது வரவுப் பதிவேடு. குழு உறுப்பினர்கள் காலை எட்டரைக்கு ஒரு கையொப்பமும் மாலை நாலே காலுக்கு ஒரு கையொப்பமும் இடவேண்டும். இரண்டு கையொப்பங்களுக்கும் நடுவில் போய்த் திரும்பக்கூடிய கடற்கரை மட்டுமே பரிசீலிக்கத் தக்கது. மதிய உணவையும் கழித்தால் கொழும்புக் கடற்கரைகள்தான் மிஞ்சின. கல்கிசை, போகும் வழியில் தெஹிவளையில் இருக்கும் வாகன நெரிசலால் விழுந்துபோனது. காலிமுகம் அமைச்சு அலுவலகங்களின் ஜன்னலிலிருந்து தெரியும், ஏதாவது நடந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால் அதையும் வெட்டினார்கள். கடைசியில் பட்டியலில் இரண்டு நின்றன. ஒன்று நகரின் தெற்கே வெள்ளவத்தை, மற்றது வடக்கே முகத்துவாரம்.

பொதுமக்களின் ஆலோசனை கேட்டுப் பத்திரிகைகளில் அறிவித்தல் போட்டோம். இறுதித் திகதியன்று ஒரேயொரு கடிதம் வந்தது. பொலிஸ் நிலையத்தில் தொடங்கி ஏழு அலுவலகங்களைச் சுற்றி, ஏழு முத்திரைகளோடும் 'உரிய நடவடிக்கைக்காக' என்ற ஏழு குறிப்புகளோடும் அது எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் அறிவித்தலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால், 'வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில் உள்ள கடற்கரையைப் பற்றி ஐயா அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்' என்று அது ஆரம்பித்தது. தலைவருக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

கையொப்பம் எனக்குத் தெரிந்த ஒருவருடையது. யேசுரட்ணம். கொட்டாஞ்சேனையில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருப்பவர். துறைமுகப் பண்டகசாலையில் மூட்டைகளைச் சரிபார்த்து அடையாளமிடும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒரு வருடத்துக்கு முன்வரை அந்த வாங்கில் இரண்டு பேர் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். அதற்கு முந்திய வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் ஞானஸ்நான விருந்து. சாப்பிட்டுவிட்டு அவரும் மனைவி றஞ்சிதமும் காற்றுக்கு நடந்து, றெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இரண்டு சகோதரிகள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தளவுக்குப் போய்விட்டார்கள். றஞ்சிதம் முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கடலோடு வளர்ந்தவள். செருப்பைக் கழற்றி யேசுரட்ணத்தின் கையில் கொடுத்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். மூத்தவளைக் கொண்டுவந்து கரையோரக் கருங்கல்லில் ஏற்றினாள். திரும்பிப் போய் இளையவளையும் கரைப்பக்கம் தள்ளிவிட்டாள். தன்னைத் தள்ளிவிட ஆள் இல்லை. யேசுரட்ணத்துக்கு நீந்தத் தெரியாது. அவர் செருப்பைப் பிடித்தபடி நின்றார். மூன்றாம் நாள் காலை உடல் முகத்துவாரத்தில், அவள் பிறந்த வீட்டுக்கு முன்னால் கரை ஒதுங்கியது. அன்றைய செத்தவீட்டில் அந்தச் செருப்பு அவருடைய காற்சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கொடி நட்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலாவது ஒரு காவலாளைப் போடவேண்டும் என்பதுதான் கடிதத்தில் அவர் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. நான் அதை ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'ஆலோசனை இலக்கம் ஒன்று' என்று தலைவர் அதன் தலையில் எழுதினார்.

யேசுரட்ணத்தைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்திருந்தார். கொடி நடும் இடத்தைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையால் ஒரு படம்கூடக் கீறிக் கொண்டுவந்திருந்தார். தேநீரும் இரண்டு கிறீம் கிறக்கரும் கொடுத்தோம். தலைவர் பேசியதை நான் தமிழாக்கினேன், அவர் பேசியதைச் சிங்களமாக்கினேன்.

"அண்ணை, அலை எவ்வளவு உயரம் எண்டு கேக்கிறார்."

"உயரம் ஒண்டுமில்லைத் தம்பி. பாக்கக் குழந்தைப்பிள்ளை விளையாடுற மாதிரி வரும். கீழாலைதான் இழுக்கும். அதைத்தான் சொல்லுங்கோ."

சொன்னேன். தலைவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடத் தக்க அலை."

"கீழே இழுக்கும் என்கிறார், சேர். வெளியே கொண்டுபோய்விடுமாம்."

"மிக நல்லது. அலைச்சறுக்கல் கற்பவர் முதலில் கை வலிக்க வலிக்கத் துழாவி ஆழத்துக்குப் போகவேண்டும். இந்தக் கடற்கரையில் கடலே அவரை அழைத்துச் செல்கிறது. இப்படியொரு சேவை எத்தனை நாடுகளில் இருக்கிறது? நமது விருந்தோம்பல் நமது தண்ணீரில்கூட இருக்கிறது என்பதைத்தான் நான் இந்தக் குழுவுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்."

யேசுரட்ணம் என் முகத்தைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன்.

"என்னவாம் தம்பி?"

"கவனத்திலை எடுக்கினமாம், அண்ணை."

இந்த மாதிரிப் பொய்கள் சொல்வதற்குத்தான் மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

பாதுகாப்புத் தகுதிக்குப் புள்ளி போட அடுத்த கூட்டம் கூடியது. மரணப் பதிவுகளை வரவழைத்திருந்தார்கள். உடல் எங்கே கிடைக்கிறதோ அந்தப் பிரிவின் மரண விசாரணை அதிகாரிதான் விசாரிப்பார், அந்தப் பிரிவின் பதிவேட்டில்தான் எழுதுவார். காலகாலமாக இதுதான் வழக்கம். வெள்ளவத்தைக் கடலில் இழுபட்டவர்களை நீரோட்டம் வடக்கே கொண்டுபோய்விடும். ஆகவே வெள்ளவத்தைப் பதிவேட்டில், கடலில் மூழ்கி இறந்தவர்கள் என்ற நிரல் வெள்ளைவெளேரென்று இருந்தது. முகத்துவாரத்தில் கடந்த வருடத்துக்கு ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்று றஞ்சிதம்.

"வெள்ளவத்தை, பூச்சியம்" என்று தலைவர் திருப்தியோடு வாசித்தார். "முகத்துவாரம், ஒன்று. பதிவேடு பேசும்போது நாம் பேசக்கூடாது."

சாட்சியாக ஜவாஹிறாவை அழைத்திருந்தார்கள். றஞ்சிதம் கரை சேர்த்த இரண்டு பேரில் இளையவள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும், வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். முந்தானையால் தலையை மூடிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவள் அழாமல் சொல்லி முடித்தாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீரும் உமது சகோதரியும் தண்ணீரில் ஆபத்துக்குள்ளானீர்கள். இருவரும் கரை சேர்ந்தீர்கள். சரிதானே?"

"ஓம், சேர். அந்த அன்ரிதான் எங்கள எடுத்தாங்க."

"இருவரில் இருவர். நூற்றுக்கு நூறு." உறுப்பினர்களின் பக்கம் திரும்பினார். "உள்ளூர்ச் சமூகத்தில் மீட்புத் திறன் இருக்கிறது. நாம் காவலாளை நியமிக்கவேண்டிய அவசியமே இல்லை." மறுபடி அவளிடம் திரும்பினார். "உங்களை மீட்டவர் எங்கே போனார்?"

"அவங்க வரல்ல, சேர்."

"வரவில்லை என்றால் போன இடம் ஒன்று இருக்கவேண்டுமே."

ஜவாஹிறா என்னைப் பார்த்தாள். நான் தமிழில் திரும்பக் கேட்டேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"மூணு நாளையால முகத்துவாரத்துல தான் கண்டாங்க."

'மூன்றாமவர் பின்னர் முகத்துவாரத்துக்குச் சென்றார்.' அன்றைய குறிப்பில் தலைவர் சொல்ல நான் எழுதிய வரி இது. இன்றைக்கும் அந்தக் குறிப்புக் கோவையில் இருக்கிறது. என் கையெழுத்து நல்ல கையெழுத்து என்று எல்லாரும் சொல்வார்கள்.

அதன்பிறகு களப் பரிசோதனை. இடத்தைக் காட்ட யேசுரட்ணத்தையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வான்களில் வெள்ளவத்தைக்குப் போனோம். கடற்கரைக்கு இறங்கக் கருங்கற்களைத் தாண்டவேண்டும், உறுப்பினர்கள் எல்லாரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். அதனால் புகையிரத நிலைய மேடையில் நின்றே கடலை ஆராய்ந்தார்கள். கால்வாய் வந்து விழும் பக்கம் தண்ணீர் கறுத்திருந்தது. 'இரு நிறக் கடல்' என்று ஒருவர் சொல்லக் குறித்துக்கொண்டேன். இடையில் பாணந்துறை றெயில் வந்து அரை மணி நேரம் நின்றது. அந்த அரை மணி நேரத்தில் ஆராய்ந்தது றெயில் பெட்டிகளை.

கடலின் நடத்தையை அறியத் தலைவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு தெம்பிலி இளநீரை வாங்கி, அதன் காம்பில் குழுவின் முத்திரை குத்திய துணிப்பட்டியைக் கட்டச் சொன்னார். "மனிதனுக்கும் தெம்பிலிக்கும் மிதப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. தும்புக் காலத்தில் நாங்கள் கண்டறிந்தது" என்றார். அதைக் கொண்டுபோய்க் கடலில் விடும் வேலை என் தலையில் விழுந்தது. யேசுரட்ணமும் என்கூடக் கருங்கல்லில் இறங்கினார். அவர் தண்ணீர் படும் கல்லுக்கு வரவில்லை. மேற்கல்லிலேயே நின்றுகொண்டார்.

தெம்பிலி கொஞ்ச நேரம் கரையோடு ஆடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல நேரே வெளியே போனது. நான் ஐம்பது எண்ணுவதற்குள் மஞ்சள் புள்ளியாகிவிட்டது.

"இப்பிடித்தான்" என்றார் யேசுரட்ணம். "இதே வழியாலைதான். எனக்குக் கை காட்டினவள். வாங்கோ எண்டு இல்லை, நில்லுங்கோ எண்டு." மஞ்சள் புள்ளி மறையும்வரை பார்த்தார். "மூண்டாம் நாள் முகத்துவாரத்திலை போய்ப் பாருங்கோ தம்பி. அங்கை நிக்கும்."

மேடையில் நின்றவர்கள் கை தட்டியது எங்களுக்குக் கேட்டது. 'வெளிச்செல்லும் வேகம் மிகச் சிறப்பு' என்று அன்று பதிவாகியது. திரும்பி வருவது பற்றிப் படிவத்தில் நிரல் இல்லை.

மூன்றாம் நாள் வேலைக்குப் போகும் முன் முகத்துவாரத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. றஞ்சிதத்தின் தமையன் வின்சன்ற் வலையைத் திருத்திக்கொண்டு வள்ளத்தின் நிழலில் இருந்தார். பக்கத்தில் மணலில் தெம்பிலி கிடந்தது. காம்பில் எங்கள் துணிப்பட்டி, அதில் எங்கள் முத்திரை.

"உங்கடை சாமானோ?" என்று கேட்டார். "விடியக்காலமை வந்தது." வலை ஊசியால் ஓர் இடத்தைக் காட்டினார். "அந்தா, அதிலை. தங்கச்சியும் அதிலைதான் வந்தவள்."

நான் அந்தத் தெம்பிலியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் இறங்கும்வரை அதை மடியில் வைத்திருந்தேன். இனி யாராலும் மறுக்கமுடியாது என்று ஒரு சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தை நினைத்தே ஒரு வெட்கம். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசை நடுவில் கொண்டுபோய் வைத்து, எங்கே எடுத்தேன் என்று சொன்னேன். வெள்ளவத்தையில் இழுபட்டது முகத்துவாரத்தில்தான் ஒதுங்கும், ஆகவே பதிவேட்டில் உள்ள அந்த ஒன்று வெள்ளவத்தைக்கு உரியது என்றும் சொன்னேன். பன்னிரண்டு வருட அரச சேவையில் யாரும் கேட்காமல் நான் பேசியது அன்று மட்டும்தான்.

தலைவர் தெம்பிலியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முத்திரையை வாசித்தார்.

"இது குழுவின் உடைமை. வெள்ளவத்தையில் முறைப்படி கடலிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை முகத்துவாரம் எடுத்து வைத்திருந்திருக்கிறது." பெருமூச்சு விட்டார். "நண்பர்களே, இரண்டு கடற்கரைகளின் குணமும் இப்போது தெளிவாகிவிட்டது. ஒன்று வழியனுப்பி வைக்கிறது. மற்றது பிறருடைய பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு தேங்காயை விடாத கடற்கரை ஒரு வெளிநாட்டு விருந்தினரை விடுமா? பேர்னாட் அவர்களின் முயற்சிக்கு நன்றி. அவருடைய ஆதாரம் நமது முடிவை மிகவும் இலகுவாக்கிவிட்டது."

அப்படியே முடிவு எழுதப்பட்டது. அலைச்சறுக்கல் கற்க மிக உகந்த, பாதுகாப்பான கடற்கரை வெள்ளவத்தை. ஆபத்தான கடற்கரை முகத்துவாரம், அங்கே உடனடியாகச் சிவப்புக் கொடி நடவேண்டும். மனுதாரர் கேட்ட கொடி வழங்கப்பட்டதால் ஆலோசனை இலக்கம் ஒன்று 'பூரணமாக நிறைவேற்றப்பட்டது' என்று கோவை மூடப்பட்டது. தெம்பிலியை மதிய உணவுக்குப் பிறகு வெட்டிக் குடித்தார்கள். உப்பாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார்.

முகத்துவாரத்தில் கொடி நடப் போனபோது நானும் போனேன். மீன்பிடிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலையாட்கள் போனதும் வின்சன்ற் அந்தக் கம்பத்திலும் வள்ளத்திலுமாகக் கயிறு கட்டி வலையை உலரப் போட்டார்.

"தங்கச்சி இஞ்சை சாகேல்லைத் தம்பி" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. "இஞ்சை அவள் வீட்டுக்குத்தான் வந்தவள்."

வெள்ளவத்தையில் திறப்பு விழா. கருங்கற்களுக்கு மேல் பந்தல், கண்டிய மேளம், குத்துவிளக்கு. பலகையொன்றும் வரவழைத்திருந்தார்கள், அதற்கும் மாலை போட்டிருந்தது. ஆலோசனை வழங்கிய குடிமகன் என்று யேசுரட்ணத்தை முன் வரிசையில் இருத்தியிருந்தார்கள். தான் கேட்ட கொடி வரப்போகிறது என்ற நம்பிக்கையை அந்த மனுசன் அன்று காலைவரை விடவில்லை. கோவை மூடப்பட்டதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லப் போய் மூன்று தடவை அவர் வீட்டு வாசலோடு திரும்பி வந்தேன். தலைவர் அறிவித்தல் பலகையை மூடியிருந்த திரையை விலக்கினார். 'ஆரம்ப நிலைக் கற்கையாளருக்கு மிக உகந்த கடற்கரை. இதுவரை ஒருவரும் மூழ்கவில்லை' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. தமிழ் என்னுடையது.

யேசுரட்ணம் எழுந்து பக்கத்தில் போய் அதை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு எழுதியிருக்கு, தம்பி."

"ஓம் அண்ணை."

"றஞ்சிதம்?"

மேளம் பலமாக முழங்கியது. எனக்குக் கேட்கவில்லை என்று பாவனை செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசையில் அவருடைய வாங்கு காலியாக இருந்தது. சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் காலி. பிறகு ஜவாஹிறா சொல்லித்தான் தெரிந்தது. அவர் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு மாறியிருந்தார். ஞாயிறு காலையில் றஞ்சிதத்தின் சிவப்புக் கூறைச்சேலையில் ஒரு முழத்துக்குக் கிழித்து, ஒரு மூங்கில் தடியில் கட்டி எடுத்துக்கொண்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்துவிடுவார். மேற்கல்லில் நின்றபடி பொழுது சாயும்வரை பிடித்துக்கொண்டிருப்பார். தடியை நிலத்தில் நடக் கூடாது என்று பொலிஸ்காரர் சொல்லியிருந்ததால் நடவில்லை, கையில் பிடித்திருந்தார்.

அறிவித்தலை நம்பி வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு பேராக வரத்தான் செய்தார்கள். அவருக்குத் தெரிந்த இங்கிலிஷில் கொடியை ஆட்டி "நோ, நோ" என்பார். ஏன் என்று கேட்டால் கடலைக் கையால் காட்டி "மை வைஃப்" என்பார். சிலருக்கு விளங்கி முகம் மாறிவிடும். சிலர் அவருடைய மனைவி அங்கே நீந்துகிறாள் என்று நினைத்து, கடலைப் பார்த்துக் கையசைப்பார்கள். அவர் கொடியை ஆட்டிக்கொண்டே இருப்பார். எப்படியோ, ஒருவரும் இறங்கவில்லை. ஜவாஹிறா கடை பூட்டும் நாள் என்பதால் பிளாஸ்கில் தேநீரோடு வந்து கூட நிற்பாள். மழை நாளிலும் நின்றார்கள். உள்ளூர்க்காரர்களும் பழகிப்போய், அந்தச் சிவப்பைக் கண்டால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை.

வருடம் முடிந்தது. குழு ஆண்டறிக்கை தயாரித்தது. மரணப் பதிவேடு மறுபடி வந்தது. வெள்ளவத்தையிலும் பூச்சியம், முகத்துவாரத்திலும் பூச்சியம்.

தலைவரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. "நாம் பாதுகாப்பானது என்றோம். ஒரு வருடம் முழுவதும் ஒருவரும் மூழ்கவில்லை. நமது தெரிவு சரி என்று கடலே ஒப்புக்கொண்டுவிட்டது. முகத்துவாரத்தில் நாம் கொடி நட்டதும் அங்கேயும் சாவு நின்றுவிட்டது. விஞ்ஞானம் என்பது இதுதான்." பிறகு அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "அந்த ஆள் இன்னும் சிவப்புத் துணியோடு நிற்கிறாராமே. பாதுகாப்பான கடற்கரையில் அது தேவையில்லாத அச்சத்தை உண்டாக்குகிறது. அகற்றும்படி ஒரு கடிதம் எழுதுங்கள்."

எழுதினேன். அறிக்கையின் பிரதி ஒன்றையும் இணைத்தேன். தபாலில் போட மனம் வரவில்லை. ஞாயிறு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கடல் கலங்கிக் கிடந்தது. யேசுரட்ணம் அதே மேற்கல்லில் நின்றார். ஒரு வருடத்தில் நன்றாக மெலிந்திருந்தார். துணி வெயிலில் வெளிறிச் செங்கல் நிறமாகியிருந்தது, அதன் கரையில் சரிகை மட்டும் இன்னும் மின்னியது. ஜவாஹிறா எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினாள். நான் கடித உறையை நீட்டினேன்.

"கண்ணாடி கொண்டுவரேல்லை, வாசியுங்கோ" என்றார். அவர் கண் கடலில்தான் இருந்தது.

கடிதத்தை வாசிக்க என்னால் முடியவில்லை. அறிக்கையைப் பிரித்தேன். "இந்த வருஷம் வெள்ளவத்தையிலை ஒருத்தரும் மூழ்கேல்லை எண்டு போட்டிருக்கு, அண்ணை."

"ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை."

"சரியாப் பாத்தனீங்களோ? வேறை இடத்திலை ஒதுங்கினதும்?"

"பாத்தனான். முகத்துவாரத்திலையும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். ஜவாஹிறாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்தாள், அவருக்கும் ஏதோ சிரிப்பு மாதிரி வந்தது. அவருடைய முகத்தில் அப்படியொன்றை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

"அப்ப போன வருஷத்துக்கு எத்தினை எண்டு போட்டிருக்கினம்?"

அறிக்கையில் இரண்டு நிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போன வருடம், வெள்ளவத்தை. அங்கே இருந்த பூச்சியத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். எனக்கு எழுத்து மறைந்தது.

"ஒண்டு, அண்ணை" என்றேன். "ஒண்டு எண்டு போட்டிருக்கு."

"வெள்ளவத்தையிலையோ?"

"ஓம். வெள்ளவத்தையிலைதான்."

அவர் துணியின் சரிகைக் கரையை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு தடியை என் பக்கம் சரித்தார்.

"கொஞ்சம் பிடியுங்கோ தம்பி. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாறன்."

வாங்கினேன். கடற்காற்றுக்குத் துணி முறுகி இழுத்தது, இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. அவர் கருங்கல்லில் மெல்ல உட்கார்ந்து கோப்பையை எடுத்தார். அப்போது றெயில் பாதையைத் தாண்டி இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் கக்கத்தில் பலகையோடு, எங்கள் அறிவித்தலை வாசித்துச் சிரித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி இறங்கி வந்தார்கள். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் கொடியை உயர்த்தினேன்.